மனைவியின் அக்கா பேசுவதில்லை, நான் நடுவில் நுழையலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நீங்கள் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழர். மனைவி பிலிப்பைன்ஸின் பத்தாங்காஸ் மாகாணத்தவர். மார்ச்சில் மாமனார் இறந்தார். துபாயில் நர்ஸாக இருக்கும் மூத்த அக்காவுக்கும், ஊரில் இருந்து அப்பாவைப் பார்த்துக்கொண்ட கடைசித் தம்பிக்கும் வீட்டு மனை விஷயத்தில் பேச்சு தடித்தது. உங்கள் மனைவி தம்பிக்குப் பரிந்து ஒரு வரி எழுதினார். அன்றே அக்கா குடும்பத்தின் மெசஞ்சர் குழுவை விட்டு வெளியேறினார். எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மனைவியைக் கேட்டால் "ஒன்றுமில்லை" என்கிறார். யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்று நீங்கள் ஒரு எக்செல் தாள் தயாரித்து வைத்திருக்கிறீர்கள். மூவரையும் ஜூமில் உட்காரவைத்துப் பேசித் தீர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். அந்தத் தாளை யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் நோக்கம் நல்லதுதான், கணக்கும் சரியாகவே இருக்கும். ஆனால் அது போய் விழும் இடம் உங்களுக்கு இன்னும் பழகவில்லை.

நான் கோயம்புத்தூர்க்காரி. லகூனா மாகாணம் லோஸ் பான்யோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆய்வுக்காக வந்தேன், எம்.எஸ்.சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை தலைமை இயக்குநராக இருந்த நிலையம். பக்கத்து ஊரான சான் பாப்லோவில் வாழ்க்கைப்பட்டு 24 வருஷம் ஆகிறது. என் கணவர் கூடப்பிறந்தவர்கள் ஐந்து பேர். உங்கள் வீட்டில் நடப்பது எங்கள் வீட்டிலும் நடந்தது. நீங்கள் செய்ய நினைப்பதை நான் செய்தும் பார்த்தேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், இந்த ஊர் மொழியான தகாலோகில் வரும் தாம்போ என்ற சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். கோபத்துக்கு இவர்களிடம் வேறு சொல் உண்டு. தாம்போ கோபம் இல்லை. நம் அகப்பாடல்களில் வரும் ஊடல்தான் அதற்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் ஊடல் காதலருக்கும் கணவன் மனைவிக்கும் உரியது. தாம்போவை மகள் தாயிடம் கொள்ளலாம், அக்கா தம்பியிடம் கொள்ளலாம், தோழி தோழியிடம் கொள்ளலாம். எதிரில் இருப்பவர் நமக்கு வேண்டியவராக இருக்கவேண்டும், அவ்வளவுதான். அந்நியரிடம் யாரும் தாம்போ கொள்வதில்லை. தாம்போ கொண்டவர் பேச்சைக் குறைப்பார், சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்பார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். என்ன தப்பு நடந்தது என்று சொல்லவே மாட்டார். "நான் வாயைத் திறந்து சொல்லித்தான் உனக்குத் தெரியவேண்டுமா?" என்பதுதானே அந்த வருத்தமே. அவர் காத்திருப்பது சூயோவுக்கு. சூயோ என்றால் பக்கத்தில் வந்து, தணிந்து, கொஞ்சி, இரண்டு முறை தட்டிவிட்டாலும் மூன்றாம் முறையும் வந்து இழுத்துப் போவது.

அக்கா குழுவை விட்டுப் போனதை நீங்கள் "உறவை முறித்துக்கொண்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. போன பிறகு யாராவது தனியாகக் கூப்பிட்டு "ஆத்தே, ஏன் போய்விட்டீர்கள்?" என்று கேட்டார்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லை. எட்டு மாதமாக அவர் அந்த அழைப்புக்காகத்தான் காத்திருக்கிறார் என்பது என் எண்ணம். கேட்பாரில்லாமல் கிடக்கும் தாம்போ கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றாக மாறும். அதைச் சாமா நாங் லோஓப் என்பார்கள். லோஓப் என்றால் உள். உள்ளே கெட்டுப்போவது, மனக்கசப்பு. அந்த நிலைக்குப் போய்விட்டால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை.

ஆத்தே என்ற சொல்லையும் கவனியுங்கள். ஆத்தே அக்கா, கூயா அண்ணன், இரண்டுமே ஹொக்கியன் சீனத்திலிருந்து தகாலோகுக்கு வந்தவை. பங்ஙனாய் என்றால் தலைப்பிள்ளை, பூன்சோ என்றால் கடைக்குட்டி. இவை கூப்பிடும் பெயர்கள் மட்டுமல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு கடமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அக்காவை உங்கள் மனைவி இப்போது எப்படிக் குறிப்பிடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஆத்தே என்று சொன்னால் நல்லது. ஆத்தேயை விட்டுவிட்டு வெறும் பெயரைச் சொன்னால் காயம் ஆழம்.

இன்னொரு அடையாளம் தமிழர்களுக்கு மட்டும் சட்டென்று பிடிபடும். ஆங்கிலத்தில் இல்லாத நாம், நாங்கள் என்ற வேறுபாடு தகாலோகில் அப்படியே இருக்கிறது. தாயோ என்றால் நாம், காமி என்றால் நாங்கள். "நம் வீடு" என்று சொல்லிக்கொண்டிருந்த தம்பி "எங்கள் வீடு" என்று எப்போது மாறினார் என்று பாருங்கள். அந்தப் பழைய மெசஞ்சர் உரையாடலை மனைவியோடு உட்கார்ந்து படித்தால், சண்டை மனையில் தொடங்கியதா அந்தச் சொல்லில் தொடங்கியதா என்று தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லில்தான் தொடங்கியது.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். மூத்த நாத்தனார் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். தம்பிகளைப் படிக்கவைக்க வேலையை விட்டுவிட்டு ஹாங்காங்குக்கு வீட்டுவேலைக்குப் போனார். 16 வருஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்ட்ரல் பகுதியில் ஆயிரக்கணக்கான பிலிப்பினோப் பெண்கள் அட்டையை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டு, ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்களே, அவர்களில் ஒருவர். என் கணவர் படித்தது அந்தப் பணத்தில். அடுத்தவர் கூயா, ஊரிலேயே தங்கினார். மாமியார் பக்கவாதத்தில் விழுந்த பிறகு ஆறு வருஷம் தூக்கி, துடைத்து, ஊட்டி, இரவில் புரட்டிப் படுக்கவைத்தது அவரும் அவர் மனைவியும்தான்.

மாமியார் இறந்ததும் உடலை வீட்டில் வைத்து ஒரு வாரம் லாமாய் நடந்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வந்து சேரும்வரை இங்கே நாள் தள்ளிப் போடுவார்கள். ஊரார் இரவெல்லாம் வந்து காப்பி குடித்து, சீட்டாடி, துணைக்கு உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் நாள் இரவில் ஆத்தே ஒரு ஒன்றுவிட்ட சகோதரியிடம், கூயாவுக்குக் காது கேட்கும் தூரத்தில், "நல்லவேளை, மருந்துக்குப் பணமாவது தவறாமல் வந்துகொண்டிருந்தது" என்றார். இதற்குப் பரினிக் என்று பெயர். நாம் ஜாடை பேசுவது என்போம். ஒருவர் காதில் விழவேண்டும் என்றே இன்னொருவரிடம் சொல்வது. கூயா காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அடக்கம் முடிந்த மறுநாள், வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அதுவரை நாம் என்று இருந்தது நாங்கள் ஆயிற்று. அதன் பிறகு மூன்று வருஷம் இருவரும் பேசவில்லை. ஆத்தே ஹாங்காங்கை விட்டு ஊரோடு வந்த பிறகும் பேசவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கலமான்சிச் செடி வேலிதான்.

என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லோரையும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டு, சாப்பாட்டுக்கு நடுவில் நேரடியாக எடுத்தேன்: மனசுவிட்டுப் பேசிவிடுவோம். இருவரும் சிரித்தார்கள். ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். நன்றாகச் சாப்பிட்டார்கள், எனக்கு நன்றி சொன்னார்கள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து கூயா ஆத்தேயை வழியில் பார்த்தால் தலையசைத்து வணக்கம் சொல்ல ஆரம்பித்தார். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். எனக்கு அப்போது புரியவில்லை.

பிறகு புரிந்தது. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் 1970களில் விர்ஜீலியோ என்ரிக்கெஸ் என்ற உளவியலாளர், மேல்நாட்டுக் கருத்துகளை இறக்குமதி செய்யாமல் தங்கள் மொழிச் சொற்களிலிருந்தே மனதைப் படிக்கலாம் என்று ஒரு மரபைத் தொடங்கினார். அவர் நடுவில் வைத்த சொல் கப்வா: நானும் நீயும் ஒன்றாகப் பங்கிட்டுக்கொண்ட ஒரு தன்மை. அதற்குள் இரண்டு வட்டங்கள், பிறத்தியார், பிறத்தியார் அல்லாதவர். பிறத்தியாரிடம் காட்டும் முதல் படி வெறும் மரியாதை. நம்மவரோடு கடைசிப் படி ஒன்றாகிப் போவது. கூடப்பிறந்தவர்கள் சண்டை போடுகிறார்கள் என்றால் இன்னும் உள்வட்டத்தில் இருக்கிறார்கள் என்று பொருள். ஒருவருக்கொருவர் மரியாதையாக நடக்கத் தொடங்கினால், ஒருவர் மற்றவரை வெளிவட்டத்துக்கு அனுப்பிவிட்டார். நான் கூட்டிய விருந்து அதைத்தான் செய்தது. பலர் முன்னால் காயத்தைத் திறந்தேன். இருவருக்கும் ஹியா, முகம் போய்விடுமே என்ற கூச்சம். அதை மூட அவர்களிடம் இருந்தது மரியாதை ஒன்றுதான். ஜூமில் நான்கு சதுரங்களில் நான்கு முகங்களை வைத்து நீங்கள் எக்செல்லைத் திறந்தாலும் இதுதான் நடக்கும் என்று பயப்படுகிறேன்.

பணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் தாள் அதைப் பற்றியது. பிலிப்பைன்ஸ் அரசே 1974இல் தொழிலாளர் சட்டத்தின் வழியாக வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதைக் கொள்கையாக்கியது. 2023இல் வெளிநாட்டிலிருந்து வங்கிகள் வழியாக மட்டும் வந்தது 3,300 கோடி டாலருக்கு மேல். இந்தத் தொகைக்குப் பின்னால் ஏறக்குறைய ஒவ்வொரு தெருவிலும், போன ஒரு பிள்ளையும் தங்கிய ஒரு பிள்ளையும் இருக்கிறார்கள். போனவர் தன் இளமையைக் கொடுத்தார், அதற்கு ரசீது இருக்கிறது. தங்கியவரும் இளமையைக் கொடுத்தார், அதற்கு ரசீது கிடையாது. உங்கள் தாளில் துபாய் அக்காவின் பத்தி நீளமாகவும் தம்பியின் பத்தி வெறுமையாகவும் இருக்கும், இல்லையா? அப்பாவின் படுக்கையை அவர் எத்தனை இரவு மாற்றினார் என்பதற்குக் கட்டம் இல்லை. அதே சமயம் அக்கா அதைப் பார்த்தாலும் மகிழமாட்டார். செய்ததைச் சொல்லிக்காட்டுவதை இவர்கள் சும்பாத் என்பார்கள், நம்மூரைப் போலவே அது செய்த நன்மையை அழித்துவிடும். தன் பெயரில் இன்னொருவர் சும்பாத் செய்வதை எந்த ஆத்தேயும் விரும்பமாட்டார். ஊத்தாங் நா லோஓப் என்ற நன்றிக்கடன் இருக்கிறதே, அது எண்ணில் எழுதப்பட்ட கணமே கடையில் வாங்கிய கடனாகிவிடும்.

உங்கள் மைத்துனிக்கு வேண்டியது "நீ போனதால்தான் நாங்கள் எழுந்தோம்" என்ற வார்த்தை. உங்கள் மைத்துனருக்கு வேண்டியது "நீ இருந்ததால்தான் அப்பா நிம்மதியாகப் போனார்" என்ற வார்த்தை. ஒருவர் மற்றவரின் வாயிலிருந்து கேட்க வேண்டியவை இவை. மனை அதற்குப் பின்னால்தான் வருகிறது.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தைகளைக் கொண்டுசேர்த்தது மாமியாரின் தங்கை. அவரை யாரும் கூட்டம் போடச் சொல்லவில்லை. ஒரு நாள் கூயா வீட்டுக்குப் போய், ஆத்தே ஹாங்காங்கில் அம்மா விழுந்த செய்தி வந்த இரவில் முதலாளி வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து விடியும்வரை அழுததைச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து ஆத்தே வீட்டுக்கு வந்து, கடைசி மாதங்களில் அம்மா பெயர்கள் மறந்துபோய் ஆத்தேயை மட்டும் தேடியபோது, கூயா அவருடைய படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அம்மா தூங்கும்வரை நின்றதைச் சொன்னார். இரண்டும் உண்மை. இரண்டையும் தனித்தனியாகச் சொன்னார், சமாதானம் என்ற சொல்லை எடுக்கவே இல்லை. இப்படி நடுவில் நிற்பவரைப் பாலம் என்றே சொல்வார்கள்.

அந்த வருஷம் நவம்பர் 1, உந்தாஸ். கல்லறையில் குடும்பத்தோடு போய் மெழுகுவத்தி ஏற்றி, சாப்பிட்டு, இருட்டும்வரை உட்கார்ந்திருப்பார்கள். கூயா முந்தின நாளே போய்ச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். ஆத்தே பீக்கோ செய்து கொண்டுவந்தார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டி நிறச் சர்க்கரையும் போட்டுக் கிண்டும் ஒட்டரிசிப் பலகாரம், கூயாவுக்குச் சின்ன வயதிலிருந்து பிடித்தது. வாழையிலையில் ஒரு துண்டை வைத்து நீட்டி, "சாப்பிட்டாயா?" என்றார். கூயா வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் சொல்லவில்லை. குழந்தைகள் சண்டை போட்டுச் சேரும்போது இங்கே "பாத்தி" என்பார்கள், நாம் பழம் விடுவது போல. வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் கணவர் என் காதில் சொன்னது அதுதான்: பாத்தி. ஆறு மாதம் கழித்து ஒரு மாலையில் ஆத்தே கூயாவிடம், "நீ ரொம்பக் களைத்துப்போனாய், எனக்குத் தெரியும்" என்றார். நான் அங்கே இருந்தேன். கூயா பதில் சொல்லவில்லை, வேலிப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

உங்கள் இடம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். மைத்துனருக்கு நீங்கள் பயாவ், நம் மச்சான் மாதிரி. அக்காவின் கணவருக்கு நீங்கள் பீலாஸ், நம் சகலை மாதிரி. கூடப்பிறந்தவர்களின் கணவன் மனைவிமார் தங்களுக்குள் நன்றாக இருப்பது பெரிய பலம். அக்காவின் கணவரை நீங்கள் கூப்பிட்டுக் குழந்தைகளைப் பற்றி, வேலையைப் பற்றிப் பேசலாம். சண்டையைப் பற்றிப் பேசாதீர்கள். நீங்கள் கூப்பிட்ட செய்தி அன்றிரவே அக்காவின் காதுக்குப் போகும், கதவு அடைபடவில்லை என்று அவருக்குத் தெரியும். அதற்கு மேல் நீங்கள் பாலமாக முயலாதீர்கள். மாமனாரின் தங்கையோ, மனைவியின் ஞானத்தாயோ, அக்கா மதிக்கும் மூத்தவர் யாராவது இருப்பார். யார் என்று மனைவிக்குத் தெரியும். மனைவி "ஒன்றுமில்லை" என்று சொல்வது உங்களை விலக்குவதற்காக இல்லை. அக்காவை எதிர்த்து எழுதிய அந்த ஒரு வரி அவரை உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். "நீ செய்தது தப்பு" என்றும் சொல்லாதீர்கள், "நீ செய்தது சரி" என்றும் சொல்லாதீர்கள். அக்கா அவரைச் சின்ன வயதில் எப்படி வளர்த்தார் என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும்.

மனையையும் விட்டுவிட முடியாது, அதற்கு ஒரு கெடு இருக்கிறது. உங்கள் குடும்பத்துக்கு வரும் மார்ச்சில் இரண்டு விஷயம் ஒன்றாக வரும். இறந்து ஒரு வருஷம் நிறையும்போது பாபாங் லுக்சா, கறுப்பைக் கழற்றித் துக்கம் இறக்கும் நாள். அதே ஒரு வருஷத்துக்குள்தான் மரபுரிமை வரிக்கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். 2018 முதல் நிகரச் சொத்தில் 6 சதவீதம். பல குடும்பங்களில் அந்த ஒரு மாதத்தில் பழைய புண் எல்லாம் திறப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உயில் இல்லை, அப்பாவுக்குக் கடன் இல்லை என்றால், வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து நீதிமன்றத்துக்கு வெளியே பாகப்பத்திரம் எழுதிக்கொள்ளலாம். நோட்டரி முன் கையெழுத்திட்டு, செய்தித்தாளில் வாரம் ஒரு முறை என்று தொடர்ந்து மூன்று வாரம் விளம்பரம் தர வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் தூதரகம் வழியாகக் கையெழுத்திடலாம். ஒரு நாட்டில் சான்றளித்த பத்திரத்தை இன்னொரு நாடு ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் 2019 முதல் பிலிப்பைன்ஸ் இருப்பதால் சிங்கப்பூரிலிருந்து அந்த வழியும் உண்டு. ஆண் பெண், மூத்தவர் இளையவர், போனவர் தங்கியவர் என்ற வித்தியாசம் சட்டத்தில் இல்லை. உடன்பிறந்த மூவருக்கும் சமபங்கு, மாமியார் உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. யாராவது தன் பங்கில் விட்டுக்கொடுப்பது அவர்கள் மனசு.

வழக்கு என்று யாராவது பயமுறுத்தினால் பதறவேண்டாம். 1988இல் நடைமுறைக்கு வந்த குடும்பச் சட்டத்தின் 151ஆம் பிரிவு, உடன்பிறந்தவர்கள் சமாதானத்துக்கு உண்மையாக முயன்று தோற்றதைக் காட்டாமல் ஒருவர்மேல் ஒருவர் போடும் வழக்கு நிற்காது என்கிறது. மைத்துனர், மைத்துனி உறவுகள் அந்தப் பாதுகாப்புக்குள் வராது என்பதை உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே உங்கள் பெயரில் எந்தக் கடிதமும் போகவேண்டாம். ஊர்ப் பஞ்சாயத்து போன்ற பரங்காய் மட்டத்தில் வக்கீல் இல்லாமல் பேசித் தீர்க்கும் லூபோன் என்ற அமைப்பும் 1978 முதல் இருக்கிறது. ஆனால் ஒரே நகரிலோ ஊரிலோ குடியிருப்பவர்கள் நேரில் வரவேண்டும் என்பதால் உங்கள் வீட்டுக்கு அது பெரும்பாலும் உதவாது.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். மூத்தவள் என்பதால் நீதான் பொறுத்துப் போகவேண்டும் என்று அக்காவிடம் யாரும் சொல்ல விடாதீர்கள். பங்ஙனாய்கள் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக் களைத்த வாக்கியம் அது. அதுபோல, சண்டைக்கு அடியில் அடிதடியோ, சிறுவயதில் நடந்த கொடுமையோ, பொய்க் கையெழுத்துப் போட்டு மனையை விற்ற மோசடியோ இருந்தால், நான் மேலே சொன்ன பலகாரமும் பாலமும் அதற்கு மருந்தல்ல. அங்கே விலகி இருப்பதுதான் சரி, வக்கீலிடம் போவதும் சரி. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் தெரியவில்லை.

உந்தாஸ் இந்த வருஷம் கடந்துவிட்டது. டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலைப் பூசைகள் நடக்கும், பிறகு கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் நோச்சே புவேனா விருந்து. அந்த ஒன்பது நாளில் ஏதாவது ஒரு காலையில் உங்கள் மனைவி அக்காவுக்குத் தனியாக, குழுவில் இல்லாமல், ஒரு குரல் செய்தி அனுப்பட்டும். எழுத்தில் வேண்டாம், குரல் இருக்கட்டும். மனை வேண்டாம், தம்பி வேண்டாம். "ஆத்தே, பூசைக்குப் போய் வந்தேன், அப்பா ஞாபகம் வந்தது, சாப்பிட்டீர்களா?" என்ற அளவு போதும். பதில் வராவிட்டால் மூன்று நாள் விட்டு இன்னொன்று. அதற்கும் வராவிட்டால் கிறிஸ்துமஸ் அன்று மூன்றாவது. மார்ச்சுக்கு இரண்டு டிக்கெட்டை இப்போதே வாங்கிவிடுங்கள், விலை ஏறும். அக்கா எந்த நாளில் மணிலா வந்து இறங்குகிறார் என்று உங்கள் சகலையிடம் கேட்டு வையுங்கள். அவரும் அதே நாளில் வந்தால் பத்தாங்காஸ் வரை ஒரே வேனில் போகலாம்.